சீட்டு வெல்லும் பக்கம் சாயலாமா?

பெரும்போகமோ சிறுபோகமோ, வயலில் ஆள் இறங்கும் காலமெல்லாம் அம்பாறைக் கரையோர ஆஸ்பத்திரிகளுக்குப் பாம்புக்கடி வரும். சாகாமக் குளத்து நீர் பாயும் வயலில் கடிபட்டவரைத் திருக்கோவிலுக்கோ அக்கரைப்பற்றுக்கோ ஏற்றிக்கொண்டு ஓடினால், அங்கே வைத்தியரிடம் இருப்பது இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிப்பு மருந்து. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் அந்த மருந்து உயிரைக் காக்கும். பலருக்கு ஒவ்வாமையையும் கிளப்பிவிடும். உடல் தடிக்கும், மூச்சு முட்டும், இரத்த அழுத்தம் சரியும். இதைத் தடுக்க முன்கூட்டியே வேறொரு ஊசி போடுவது இலங்கை ஆஸ்பத்திரிகளின் நெடுநாள் வழக்கம். எந்த ஊசி என்பதில்தான் ஆளுக்கொரு நம்பிக்கை இருந்தது. சிலர் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்றார்கள், சிலர் புரோமெதசின் என்றார்கள், சிலர் சிறிய அளவில் அட்ரினலின் என்றார்கள். களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித்த டி சில்வா தலைமையில் 1007 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஆய்வு 2011இல் இதற்கு விடை சொன்னது. அட்ரினலின் கொடுக்கப்பட்டவர்களிடம் முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. வைத்தியர்கள் பல காலம் நம்பியிருந்த மற்ற இரண்டு மருந்துகளும் அப்படிப்பட்ட பாதுகாப்பைத் தரவில்லை.

அனுபவம் மிக்க வைத்தியர்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்தும் தெரியாத ஒன்றை இந்த ஆய்வால் எப்படிச் சொல்ல முடிந்தது? யாருக்கு எந்த மருந்து என்பதை ஆய்வில் வைத்தியர் தீர்மானிக்கவில்லை, சீட்டுத் தீர்மானித்தது என்பதே காரணம். வைத்தியர் தம் மனப்படி கொடுத்தால், மோசமான நிலையில் வருபவருக்கு ஒரு மருந்தும் தேறிவிடுவார் என்று தோன்றுபவருக்கு இன்னொரு மருந்தும் போய்ச் சேரும். முடிவில் மருந்து வென்றதா, நோயாளியின் உடல் வென்றதா என்று பிரித்தறிய வழியிருக்காது. சீட்டுக்கு முகம் பார்க்கத் தெரியாது. முதியவர், இளையவர், தாமதித்து வந்தவர், உடனே வந்தவர் எல்லோரையும் அது இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் பரப்பிவிடும். இதை எழுமாற்று ஒதுக்கீடு என்கிறோம். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய நிலையத்தில் 1920களில் ரொனால்ட் ஃபிஷர் பயிர்ப் பாத்திகளுக்காக வகுத்த வழி இது. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு வழியே 1948இல் அது மருத்துவத்துக்குள் உறுதியாகக் கால் பதித்தது. அந்த ஆய்வில் மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தவர் 14 பேர்.

இந்த எண்களைப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழும். அந்த 14 பேரும் இறந்துகொண்டிருந்தபோதே மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறி தெரியத் தொடங்கியிருக்குமே? தெரிந்த பிறகும் சரிபாதிப் பேரை மருந்தில்லாத பக்கம் அனுப்பியது நியாயமா? இந்தக் கேள்வி எண்ணிப்பார்ப்பவரின் மனத்தை உறுத்த வேண்டிய கேள்விதான். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு முன்பே, 1933இல், வில்லியம் தொம்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு கணித விடையை முன்வைத்திருந்தார். சீட்டைக் கடைசிவரை சமமாக வைத்திருக்க வேண்டாம். இதுவரை வந்த முடிவுகளைப் பார்த்து, ஒரு சிகிச்சை மேல் என்று நம்புவதற்கு எவ்வளவு இடமிருக்கிறதோ அந்த அளவுக்கு அடுத்த நோயாளியின் சீட்டை அந்தப் பக்கம் சாய்க்கலாம் என்றார். மார்வின் ஸெலன் 1969இல் இதை இன்னும் எளிய விதியாக்கினார்: ஒரு சிகிச்சையில் நோயாளி தேறினால் அடுத்தவருக்கும் அதே சிகிச்சை, தேறாவிட்டால் மற்றச் சிகிச்சை. கணினி மலிவாகிவிட்ட பிறகு இந்த எண்ணங்கள் உயிர் பெற்று, இன்று இசைவாக்க எழுமாற்று ஒதுக்கீடு என்ற பெயரில் உலகின் பெரிய ஆய்வுகள் சிலவற்றை நடத்துகின்றன.

இந்தப் பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட காரியங்கள் நடக்கின்றன. ஒன்றில் சிகிச்சையின் முடிவை யாரும் பார்ப்பதில்லை. வந்திருக்கும் நோயாளியின் வயது, பால், நோயின் கடுமை போன்றவற்றை மட்டும் பார்த்து, இரு குழுக்களும் சமநிலை இழக்காதபடி அடுத்த சீட்டைச் சற்றே திருத்துகிறார்கள். பிராட்லி எஃப்ரன் 1971இலும், டேவ்ஸ் 1974இலும், போக்கொக்கும் சைமனும் 1975இலும் இதற்கான வழிகளை வகுத்தார்கள். ஐம்பது அறுபது பேரோடு நடக்கும் சிறிய ஆய்வில் தற்செயலாக முதியவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் குவிந்துவிட்டால் ஆய்வே வீணாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இது நல்ல காவல். இதில் பெரிய தகராறு இல்லை. தகராறு முழுவதும் இரண்டாவது வகையில். அங்கே யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பதைப் பார்த்தே சீட்டுச் சாய்கிறது. நோயாளியிடம் அன்பு காட்டும் வழியாக இது முன்வைக்கப்படுகிறது. ஆனால் அந்த அன்பு யாரைச் சென்று சேர்கிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால், பல இடங்களில் சமமான சீட்டே கருணை மிக்கது என்பது தெரியவரும். அதற்கு வலுவான சான்றுகளில் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

முதலில் வெளிநாட்டுச் சான்று ஒன்று. பிறந்த சில நாளில் நுரையீரல் செயலிழக்கும் குழந்தைகளின் இரத்தத்தை உடலுக்கு வெளியே ஓர் இயந்திரத்தில் ஓடவிட்டு ஒட்சிசன் ஏற்றும் எக்மோ சிகிச்சையை, 1985இல் வெளிவந்த மிச்சிகன் ஆய்வு சாயும் சீட்டைக் கொண்டு சோதித்தது. தொடக்கத்தில் இரு பக்கத்துக்கும் சம வாய்ப்பு. ஒரு குழந்தை பிழைத்தால் அந்தச் சிகிச்சைக்கு ஒரு சீட்டுக் கூடும். இறந்தால் மற்றதற்குக் கூடும். முதல் குழந்தைக்கு எக்மோ விழுந்தது, பிழைத்தது. இரண்டாவது குழந்தைக்குப் பழைய சிகிச்சை விழுந்தது, இறந்தது. அதற்குப் பிறகு சீட்டு எக்மோ பக்கமே சாய்ந்து சாய்ந்து, அடுத்த பத்துக் குழந்தைகளுக்கும் எக்மோவே கிடைத்தது. பத்தும் பிழைத்தன. எக்மோவுக்குப் 11 குழந்தைகள், பழைய சிகிச்சைக்கு ஒரே குழந்தை என்ற கணக்கோடு ஆய்வு முடிந்தது. விதி சொன்னபடியே நடந்தது. ஆனால் மருத்துவ உலகம் அந்த முடிவை ஏற்கத் தயங்கியது. ஒரே ஒரு குழந்தையின் மரணத்தை எதிர்ப்பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி ஒப்பிடுவது? அந்தக் குழந்தை மற்ற எல்லாக் குழந்தைகளையும்விட மோசமான நிலையில் வந்திருந்தால் என்ன செய்வது?

தயக்கம் நீடித்ததால் ஆய்வுகள் தொடர்ந்தன. ஹார்வர்டில் நடந்து 1989இல் வெளிவந்த ஆய்வில் பழைய சிகிச்சை பெற்ற 10 குழந்தைகளில் 4 இறந்தன. எக்மோ பெற்ற 9 குழந்தைகளும் பிழைத்தன. அதுவும் போதவில்லை. பிரித்தானியாவில் 185 குழந்தைகளைச் சமமான சீட்டால் பிரித்து நடந்த ஆய்வு 1996இல் வெளிவந்த பிறகே கேள்வி தீர்ந்தது: எக்மோவுக்கு ஒதுக்கப்பட்ட 93 பேரில் 30 பேர் இறந்தார்கள், பழைய சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 92 பேரில் 54 பேர் இறந்தார்கள். வித்தியாசம் தெளிவானதும் சுயாதீனக் கண்காணிப்புக் குழுவின் ஆலோசனைப்படி அந்த ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. எக்மோ நல்லது என்று மிச்சிகன் சொன்னது சரிதான். ஆனால் பிறரை நம்பவைக்கும் அளவுக்குச் சான்று சேர்க்காமல் சொன்னதால் அந்த உண்மை பத்தாண்டுக் காலம் தகராறில் கிடந்தது. முதல் ஆய்வில் 11 குழந்தைகளுக்குக் காட்டிய பரிவின் விலையை, பின்னால் வந்த ஆய்வுகளில் பழைய சிகிச்சையின் பக்கம் விழுந்த குழந்தைகள் கொடுத்தார்கள்.

எக்மோவிலாவது முதல் அறிகுறி உண்மையாக இருந்தது. முதல் அறிகுறியே பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கைச் சான்று. நஞ்சு உட்கொண்டு வருபவர்களைக் காப்பாற்றுவது இந்நாட்டு வைத்தியத்தின் பெருந்துயரங்களில் ஒன்றாகப் பல பத்தாண்டுகள் இருந்துவந்தது. பூச்சிநாசினியும் மஞ்சள் அலரியும் ஏராளமான இளம் உயிர்களைக் கொண்டுபோயின. குடலில் நஞ்சை உறிஞ்சிப் பிடிக்கும் மருத்துவக் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அலரி நஞ்சுக்குப் பயன்படுமா என்று 401 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2003இல் லான்செட் இதழில் வெளியானது. கரியைத் திரும்பத் திரும்பப் பெற்றவர்களில் இறந்தவர் 5 பேர், அப்படிப் பெறாதவர்களில் இறந்தவர் 16 பேர். மரணம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததைப் பார்த்து மகிழாதவர் யார்? அதன்பின் மைக்கல் எட்ல்ஸ்டனும் இலங்கை ஆய்வாளர்களும் மூன்று ஆஸ்பத்திரிகளில் பூச்சிநாசினி, அலரி இரண்டையும் உள்ளடக்கி 4632 நோயாளிகளை மூன்று குழுக்களாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய பேராய்வு 2008இல் அதே இதழில் வந்தது. கரியே பெறாதவர்களில் 6.8 வீதமும், ஒருமுறை பெற்றவர்களில் 7.1 வீதமும், பலமுறை பெற்றவர்களில் 6.3 வீதமும் இறந்திருந்தார்கள். சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. இரு ஆய்வுகளிலும் கரி கொடுத்த கால இடைவெளியும் நாட்களும் ஒன்றல்ல என்பது உண்மை. அதைச் சுட்டி வாதாடும் நிபுணர்களும் உண்டு. ஆனாலும் சில நூறு பேரிடம் பளிச்சென்று தெரிந்த பலன் சில ஆயிரம் பேரிடம் தேடியபோது கிடைக்கவில்லை என்பது மறுக்க முடியாத பாடம்.

இப்போது அந்த 2003இன் எண்களைத் தொம்சனின் விதிக்குள் போட்டுப் பார்ப்போம். 5க்கு எதிராக 16 என்ற நிலையில், கரியே மேல் என்பதற்கான வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று கணக்கு வரும். விதியை அப்படியே பின்பற்றினால் அடுத்து வரும் நூறு நோயாளிகளில் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கரி போகும். ஒப்பிட்டுப் பார்க்கக் கரியில்லாமல் இருப்பவர் ஒரே ஒருவர். மற்றப் பக்கம் ஆளே இல்லாதபோது, முதல் எண்ணம் தவறாக இருந்தால் அதை எது திருத்தும்? காலப்போக்கில் விதி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று கணிதம் சொல்வது சரி. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நூற்றுக்கு ஒருவராக ஆள் சேரும்போது அந்தத் திருத்தம் வர எத்தனை ஆயிரம் நோயாளிகள் வேண்டியிருக்கும்? இன்றைய ஆய்வாளர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். முதல் சில நூறு பேருக்குச் சீட்டைச் சமமாகவே வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கமும் ஓரளவுக்குக் கீழே போகாதபடி வேலி போடுகிறார்கள். வேலி போட வேண்டியிருப்பதே அந்த விதிக்குள் உள்ள ஆபத்தைக் காட்டுகிறது.

சாய்ந்த சீட்டு அறிவையும் மெலியச் செய்யும். 200 நோயாளிகளை 100, 100 என்று பிரித்தால் கிடைக்கும் தெளிவு ஒரு அளவு. அதே 200 பேரை 180, 20 என்று பிரித்தால் கிடைக்கும் தெளிவு, வெறும் 72 பேரைச் சரிபாதியாகப் பிரித்து நடத்திய ஆய்வின் தெளிவுக்கே சமம். ஏனென்றால் ஒப்பீட்டின் பலத்தைத் தீர்மானிப்பது சிறிய குழு. சமமாகப் பிரித்திருந்தால் 72 பேரோடு விடை கிடைத்து, மீதி 128 பேரும், அவர்களோடு நாட்டின் மற்ற எல்லா வாட்டுகளிலும் கிடப்பவர்களும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையைப் பெற்றிருப்பார்கள். பழைய சிகிச்சைக்குப் போனவர்கள் அப்போது 36 பேர், சாய்த்தால் 20 பேர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த 16 பேர் முக்கியமானவர்கள். ஆனால் ஆய்வுக்கு வெளியே விடைக்காகக் காத்திருப்பவர்களும் நோயாளிகள்தாம். அவர்களுடைய தொகை எப்போதும் பெரியது. அமெரிக்கப் புள்ளியியலாளர்களான கோர்னும் ஃப்ரைட்லினும் 2011இல் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வுகளுக்கு இதையே விரிவாகக் கணக்கிட்டு, சாயும் சீட்டால் நோயாளிக்குக் கிடைக்கும் நன்மை மிகச் சிறியது என்று வாதிட்டார்கள். சாயும் சீட்டை ஆதரிக்கும் டொனால்ட் பெரி போன்றவர்கள் அதற்கு மறுமொழி சொன்னார்கள். அவர்களுடைய வலுவான வாதம், பல சிகிச்சைகளை ஒரே நேரத்தில் ஒப்பிடும் ஆய்வுகளைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது சிக்கல் காலம். முதல் மாதம் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களும் பன்னிரண்டாம் மாதம் வருபவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வரும் பாம்புக்கடி வேறு, மாரியில் வரும் பாம்புக்கடி வேறு. கொவிட் காலத்தில் வைரசே மாறிக்கொண்டு வந்தது. தாதியரும் வைத்தியரும் நாளாக நாளாகப் பராமரிப்பில் தேர்ந்தார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: சமமான வலுவுள்ள இரு மருந்துகள். முதல் காலத்தில் 100 நோயாளிகள், பக்கத்துக்கு 50, மரணம் இரு பக்கமும் 20 வீதம், அதாவது பத்துப் பத்துப் பேர். ஏதோ ஒரு தற்செயலால் சீட்டுப் புதிய மருந்தின் பக்கம் சாய்கிறது. இரண்டாம் காலத்தில் பராமரிப்பு மேம்பட்டு மரணம் இரு பக்கமும் 10 வீதமாகிறது. இப்போது 100 பேரில் 80 பேர் புதிய மருந்துக்கு, 20 பேர் பழையதற்கு. கூட்டிப் பார்த்தால் புதிய மருந்தில் 130 பேரில் 18 மரணம், பழையதில் 70 பேரில் 12 மரணம். 14 வீதத்துக்கு எதிராக 17 வீதம். ஒன்றுக்கொன்று சற்றும் மேலில்லாத இரு மருந்துகளில் ஒன்று வென்றதுபோல் தெரிகிறது. காலங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட்டால் இந்தப் பிழையை நீக்கலாம்தான். அதற்கும் கூடுதல் நோயாளிகள் வேண்டும். சமமான சீட்டில் இந்தப் பிழை நுழையவே இடமில்லை.

நான்காவது, முடிவு தெரிய எடுக்கும் நேரம். சீட்டைச் சாய்க்க வேண்டுமானால் முன்னால் வந்தவருக்கு என்ன ஆயிற்று என்பது பின்னால் வருபவர் வந்து சேர்வதற்குள் தெரிந்திருக்க வேண்டும். சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் உலக மருத்துவத்தையே மாற்றிய ஓர் ஆய்வை நடத்தியது. சனட்டோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் வைத்துப் பராமரித்தால்தான் காசநோய் தேறும் என்பது அன்றைய நம்பிக்கை. சென்னையின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டால் பிரித்து, ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்து அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறினார்கள் என்று 1959இல் அறிவித்தார்கள். சனட்டோரியங்களின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. மூன்றாம் உலகின் கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே காசநோய்ச் சிகிச்சை கிடைக்க வழி பிறந்தது. ஓராண்டு கழித்தே விடை தெரியும் இப்படிப்பட்ட ஆய்வில் சாயும் சீட்டுக்கு வேலையே இல்லை. நம் பகுதியின் பெரும் சுமைகளான நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் எல்லாம் மெதுவாக விடை சொல்லும் நோய்களே.

அப்படியானால் சாயும் சீட்டுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. சிகிச்சைகள் பல, விடை விரைவு, நோயாளிகள் ஏராளம் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் அது தன் மதிப்பைக் காட்டியிருக்கிறது. நிற்காமல் தொடரும் வலிப்புக்கு எந்த மருந்து என்று அமெரிக்காவில் நடந்த எசெட் ஆய்வு மூன்று மருந்துகளை ஒப்பிட்டது. ஒரு மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். முதல் 300 பேருக்குச் சமமான சீட்டு, அதன்பின் சாயும் சீட்டு என்று வகுத்திருந்தார்கள். 795 பேர்வரை சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வு, மூன்று மருந்துகளும் 47, 45, 46 வீதம் என்று ஒன்றுபோலவே வேலை செய்வதைக் கண்டு 384 பேரோடு நின்றது. கடும் நியுமோனியாவுக்காக 2016இல் தொடங்கி, கொவிட் வந்ததும் அதற்கும் விரிந்த ரீமேப்-கேப் ஆய்வு, சாயும் சீட்டைக் கொண்டே தொசிலிசுமப் மருந்தின் பயனை 2021இல் கண்டுபிடித்தது. அதே ஆண்டில் 4116 நோயாளிகளைச் சமமான சீட்டால் பிரித்த பிரித்தானிய ரிக்கவரி ஆய்வும் அதை உறுதிசெய்தது: மருந்து பெற்றவர்களில் 31 வீதமும் பெறாதவர்களில் 35 வீதமும் இறந்திருந்தார்கள். இரண்டு வழிகளும் ஒரே உண்மையில் வந்து சந்தித்ததால்தான் உலகம் தயங்காமல் ஏற்றுக்கொண்டது.

எதிர்த்துக் கேட்பவர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஒரு பக்கம் தோற்றுக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் சமமாகவே அனுப்பிக்கொண்டிருப்பதா என்பது அவர்களின் முதல் கேள்வி. அதற்கான பதில், சீட்டைச் சாய்ப்பதைவிட ஆய்வை நிறுத்துவது நல்லது என்பதே. கொங்கோவில் எபோலா பரவியபோது நான்கு மருந்துகளை ஒப்பிட்ட பாம் ஆய்வில் சீட்டுச் சமமாகவே இருந்தது. ஆனால் சுயாதீனக் குழு ஒன்று இடையிடையே எண்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மருந்துகளில் மரணம் தெளிவாகக் குறைந்திருந்ததால் (681 நோயாளிகளின் இறுதிக் கணக்கில் அவற்றில் 35 வீதம் அளவு, மற்ற இரண்டில் 50 வீதத்தை ஒட்டி) 2019 ஓகஸ்ட்டில் தோற்ற மருந்துகளை நிறுத்தி, அடுத்த நோயாளிகள் எல்லோருக்கும் வென்ற மருந்துகளையே கொடுத்தார்கள். பாதி வெளிச்சத்தில் சீட்டை நகர்த்திக்கொண்டிருக்காமல், வெளிச்சம் வரும்வரை சமமாக நின்று, வந்ததும் முழுவதுமாகத் திரும்பினார்கள். தோற்கும் மருந்தை விலக்குவது, பலனே தெரியாதென்று உறுதியானால் கைவிடுவது, முன்கூட்டியே நிறுத்துவது ஆகிய மூன்றும் ஆய்வை நிலைமைக்கு ஏற்ப மாற்றும் வழிகள்தாம். அவை சான்றைச் சிதைக்காமல் நோயாளியைக் காக்கின்றன.

ஏழை நாட்டுக்கு நேரமும் பணமும் குறைவு, விரைவாக விடை தரும் எந்த உத்தியையும் நாம் தள்ளலாமா என்பது இரண்டாவது கேள்வி. நேரமும் பணமும் குறைவாக இருப்பதால்தான் ஒரு முறை நடத்தும் ஆய்வு கேள்வியைத் தீர்த்துவிட வேண்டும். அரைகுறைச் சான்றோடு முடியும் ஆய்வை இரண்டாம் முறை நடத்த நம்மிடம் வசதி இல்லை. 4632 நோயாளிகளின் ஆய்வையும் 1007 நோயாளிகளின் ஆய்வையும் கிராமப்புற ஆஸ்பத்திரிகளின் வைத்தியர்களும் தாதியரும் கணக்குத் தவறாமல் நடத்திக் காட்டிய நாடு இது. எளிய, சமமான சீட்டுக்கு மூடிய உறை போதும். சாயும் சீட்டுக்கோ ஒவ்வொரு நோயாளியின் முடிவும் உடனுக்குடன் ஒரு மையக் கணினியைச் சென்றடைய வேண்டும்; ஒரு வாட்டில் ஒரு வாரம் பதிவு தாமதமானாலும் சாய்வே தவறாகிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும் இத்தகைய ஆய்வுகளின் விதிகளை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்றும், இடைமுடிவுகளை யார் பார்க்கலாம் என்பதை இறுக்கமாகக் காக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

மூன்றாவது கேள்வி இந்தக் கரையோரத்தில் எல்லாவற்றையும்விடக் கூர்மையானது: எங்களைச் சோதனைப் பொருளாக்குகிறார்களா? கொவிட்டால் இறந்தவர்களின் உடலை எரித்தே ஆகவேண்டும் என்று 2020இல் உத்தரவு வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்ற சான்றில்லாத வாதத்தை விஞ்ஞானம் என்று சொல்லி, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைத்தது. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. விஞ்ஞானத்தின் பெயரால் இப்படிக் காயப்பட்ட மக்களிடம் ஆய்வுக்குச் சம்மதம் கேட்டு வருபவர், அவர்களுக்குப் புரியும் மொழியில், மறைக்காமல் பேசக் கடமைப்பட்டவர். உங்களுக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுச் சொல்லும், இரு பக்கமும் சம வாய்ப்பு என்பதைச் சாதாரணமாகப் படித்த எவருக்கும் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். இன்று வந்தால் ஒரு வாய்ப்பு, அடுத்த மாதம் வந்தால் வேறு வாய்ப்பு என்றால் காத்திருந்து சேர்வதே நல்லது என்று நினைப்பவர் தவறு செய்யவில்லை. சமமான சீட்டில் முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் ஒரே நியாயத்தைப் பெறுகிறார்கள். சாயும் சீட்டில் முதலில் வந்தவர்கள் பின்னால் வருபவர்களுக்காகச் சுமக்கிறார்கள். அதை அவர்களிடம் சொல்லியே கேட்க வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. குழுக்களைச் சமநிலையில் வைக்கும் இசைவாக்கத்தை இலங்கையின் சிறிய ஆய்வுகள் தாராளமாகப் பயன்படுத்தட்டும். முடிவைப் பார்த்துச் சாயும் சீட்டை, மூன்றோ அதற்கு மேலோ சிகிச்சைகள் இருந்து, விடை நாட்கணக்கில் தெரிந்து, நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வரும் இடங்களுக்கு மட்டும் ஒதுக்கட்டும். இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வில் சீட்டுச் சமமாகவே இருக்கட்டும். இடையில் திறந்து பார்க்கவும் நிறுத்தவும் அதிகாரமுள்ள சுயாதீனக் குழு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையும், பல்கலைக்கழகங்களின் ஒழுக்கநெறிக் குழுக்களும், 2006 முதல் ஆய்வுகளைப் பதிவுசெய்துவரும் இலங்கை மருத்துவச் சங்கத்தின் பதிவேடும், சீட்டு எப்போது, எவ்வளவு, யார் கணக்கில் சாயும் என்பதை முதல் நோயாளி சேரும் முன்னரே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களையோ உங்கள் வீட்டாரையோ நாளை ஓர் ஆய்வில் சேரும்படி கேட்டால் பயந்து மறுத்துவிட வேண்டாம். கேள்வி கேட்காமல் கையெழுத்திடவும் வேண்டாம். என் சீட்டுச் சமமானதா சாய்ந்ததா, சாய்ந்ததென்றால் எதைப் பார்த்துச் சாய்கிறது, இடையில் பார்ப்பவர் யார், எப்போது நிறுத்துவீர்கள், முடிவை எங்களுக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரான பதில் தரும் ஆய்வில் சேருங்கள்.